புகார் எண் பதினான்கு: மூடப்பட்டது

ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஒருமுறை தன்னைத்தானே உற்றுப் பார்த்து, போன வருஷத்தைவிட இந்த வருஷம் நான் மேல் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஆண்டுத் தர உறுதி அறிக்கை என்று பெயர். ஏழு பிரிவுகள், ஒவ்வொரு பிரிவுக்கும் கிளைகள், கிளைக்குள் கிளைகள். ஐந்து புள்ளி ஒன்று புள்ளி நான்கு என்று சொன்னாலே விவரம் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நோயாளி தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்து, நன்றாகத்தான் ஓடுகிறது என்று எழுதி, பிடித்த கையையும் படமெடுத்து இணைத்தால் எப்படியோ, ஏறக்குறைய அப்படி.

புதுச்சேரியில் கீழைக்கடல் நலவாழ்வு அறிவியல் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. ஒரு மருத்துவக் கல்லூரி, ஒரு செவிலியர் கல்லூரி, ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அத்தனைக்கும் மேலே நான்காம் மாடியில் இந்த அறிக்கையை எழுதுவதற்கென்றே ஓர் அறை. வாசற்பலகையில் அகத்தர உறுதி மையம் என்று இருக்கும். எல்லோருக்கும் அது குவாலிட்டி செல். முதலியார்பேட்டை ஜானகிராமன் பதினாறு வருடம் மருத்துவ ஆவணப் பிரிவில் கேஸ் ஷீட் அடுக்கிக்கொண்டிருந்தவர். அவரை அங்கே மாற்றிய அன்று பிளம்பர் அம்மாவாசை படிக்கட்டில் மறித்து விசாரித்தார்.

"என்னா சார், உங்களயும் செல்லுல போட்டுட்டாங்களாமே. பெயிலு எப்ப?"

மாற்றியதற்குக் காரணம் ஜானகிராமனின் தமிழ்ப் பட்டம். நிர்வாகத்தில் வட்டார மொழியைப் பயன்படுத்தினால் அறிக்கையில் தனி மதிப்பெண் உண்டு. அதனால் புகார்ப் பதிவேடு முழுவதையும் அந்த ஆண்டு தமிழுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. கொண்டுவரச் சொன்னவர் தர இயக்குநர் டாக்டர் புருஷோத்தமன். அவர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். இயக்குநரான பிறகு மூன்றில் தொண்டையை மட்டுமே பயன்படுத்தி வந்தார்.

புகார் என்பது எப்படிப் பயணம் செய்கிறது என்று தெரிந்தால்தான் பிறகு நடந்தது விளங்கும். ஆஸ்பத்திரியில் ஐந்து இடங்களில் புகார்ப்பெட்டி மாட்டியிருக்கும். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை அவற்றைத் திறப்பார்கள். உள்ளே கிடக்கும் தாளுக்கு ஓர் எண் தருவார்கள். எண் கிடைத்த தாள் சம்பந்தப்பட்ட துறைக்குப் போகும். துறைத் தலைவர் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போடுவார். பார்க்கப்பட்ட தாள் நான்காம் மாடிக்குத் திரும்பி வந்ததும் புகார் முடிந்தது. இந்தப் பயணத்தில் எந்த இடத்திலும் தாள் கீழே இறங்கிப் போய்க் குழாயையோ கதவையோ எட்டிப் பார்ப்பதில்லை. விதியில் அதற்குக் கட்டம் இல்லை.

"ஜானகிராமன், பதிவேட்டுல கடைசி கட்டத்துல இந்த 'க்ளோஸ்ட்'டுக்கு என்ன போட்டிருக்கீங்க?" என்று இயக்குநர் கேட்டார்.

"ரெண்டு வார்த்தை வச்சிருக்கேன் சார். தீர்க்கப்பட்டதுன்னு போடலாம். மூடப்பட்டதுன்னும் போடலாம்."

"வித்தியாசம்?"

யாராவது தன்னிடம் ஒரு சொல்லின் வித்தியாசத்தைக் கேட்டு ஜானகிராமனுக்கு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

"தீர்க்கப்பட்டதுன்னா, சார், அந்தப் பிரச்சினை இப்ப இல்லன்னு அர்த்தம். ஜனங்க போய்ப் பார்த்தா அது அங்க இருக்கக் கூடாது. மூடப்பட்டதுன்னா நம்ம ஃபைல் முடிஞ்சுதுன்னு மட்டும்தான். பிரச்சினை இருந்தாலும் இருக்கும்."

இயக்குநர் இதை ரசித்துக் கேட்டார். "அழகா சொன்னீங்க. தீர்த்துட்டோம்னு எழுதினா நாளைக்கு ஒருத்தர் வந்து தீந்துச்சான்னு கேப்பாரு. மூடிட்டோம்னு எழுதினா யாரு வந்து என்ன கேக்க முடியும்? மூடிடுங்க."

முப்பத்தோரு புகார்கள். முப்பத்தொன்றுக்கும் எதிரே 'மூடப்பட்டது' என்று ஜானகிராமன் ஏற்றினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டார். ஒரு நகல் பதிவாளருக்கு, ஒன்று கோப்புக்கு, ஒன்று தகவலுக்காகப் பராமரிப்புப் பிரிவுக்கு.

தகவலுக்காக வரும் நகலை யாரும் படிப்பதில்லை. பராமரிப்புப் பிரிவில் அம்மாவாசை படித்தார். இத்தனை வருடமாக ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்த தாள் முதல்முறையாகத் தமிழில் வந்திருந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரியாதையாக, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். அதில் மூன்று கட்டங்கள் இருந்தன: இடம், புகார், நிலை. பதினான்காம் வரி இப்படி இருந்தது. தரைத்தளம், ஸ்கேன் அறை எதிரில், பெண்கள் கழிப்பறை. உள்தாழ்ப்பாள் இல்லை. மூடப்பட்டது.

அம்மாவாசை நேரே போய்ப் பார்த்தார். கழிப்பறை மூடப்படாமல் திறந்து கிடந்தது.

இன்னும் சில நாளில் அறிக்கையைச் சரிபார்க்க மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. தாள் ஒன்று சொல்லி, இடம் வேறு ஒன்று சொன்னால் யாருக்கு வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். இரண்டே நாளில் ஆஸ்பத்திரியைத் தாளுக்குச் சமமாக்கினார். பெண்கள் கழிப்பறைக்கு வெளியிலிருந்து பூட்டு. தண்ணீர் மெதுவாக வருகிறது என்று புகார் வந்த குடிநீர்க் குழாய்க்கு வால்வை இறுக்கினார். சக்கர நாற்காலிப் பாதையில் ஓர் ஓடு பெயர்ந்திருப்பதாக எழுதியிருந்தார்கள். அதன் இரு முனையிலும் கயிறு கட்டினார். மருந்துக் கவுன்ட்டரில் வரிசை நீளமாக இருக்கிறது என்ற புகாருக்கு ஷட்டரை இறக்கியதும் வரிசையே இல்லாமல் போனது. எலும்பு வார்டில் ஜன்னல் மூட மாட்டேன் என்கிறது என்று ஒரு நோயாளி எழுதியிருந்தார். அதற்குக் கீல் மாற்றி எண்ணெய் விட்டு மூடினார். அந்த ஆண்டு உண்மையிலேயே தீர்ந்த புகார் அது ஒன்றுதான்.

நான்காம் மாடிக்கு இதெல்லாம் தெரியாது. அங்கே சான்றுப் படங்களுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அறிக்கையில் எதை எழுதினாலும் இடக்குறி இட்ட படம் ஒன்று இணைக்க வேண்டும். செல்பேசியில் ஒரு செயலியைத் திறந்து படமெடுத்தால், படத்தின் அடியில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, மணி எல்லாம் தானாக விழும். ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் குறைந்தது நான்காவது இந்த இடத்தைப் பார்த்துச் சாட்சி சொன்னால்தான் எண் விழும். கட்டடத்துக்குள் நின்றால் அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

மூடப்பட்ட புகார்களைப் படமெடுக்க ஜானகிராமன் கீழே இறங்கியது ஒரு திங்கட்கிழமை. குடிநீர்க் குழாயை எடுத்தார். தண்ணீர் வருகிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. பட்டியலில் பார்க்கச் சொல்லி எதுவும் இல்லை. பதினொன்று நாற்பது வாக்கில் ஸ்கேன் அறை நடைக்கு வந்தார்.

அடிவயிற்று ஸ்கேனுக்கு வரும் பெண்களை ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். நீர்ப்பை நிரம்பினால் அது குடலை ஒதுக்கிவிட்டு, கருப்பையைப் பார்க்க ஒரு கண்ணாடி ஜன்னல் மாதிரி ஆகிவிடும். ஒலியலை அதன் வழியாகத் தெளிவாக உள்ளே போகும். எளிமையான, அழகான உத்தி. அதனால்தான் அந்த அறைக்கு நேர் எதிரே பெண்கள் கழிப்பறையைக் கட்டியிருந்தார்கள். கட்டியவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

கதவில் பித்தளைப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஜானகிராமனுக்கு ஒரு கணம் என்னவோ போல் இருந்தது. தாழ்ப்பாள்தானே புகார், பூட்டு எப்படி வந்தது என்று ஒரு எண்ணம் ஓடியது. ஆனால் அவர் கையில் பட்டியல் இருந்தது. பட்டியலில் மூடப்பட்டது என்று இருந்தது, கதவும் மூடித்தான் இருந்தது. செல்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எண் விழக் காத்திருந்தார்.

ஊதாச் சேலை கட்டிய ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"சார், சாவி உங்ககிட்டயா இருக்குது?"

"இல்லம்மா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல வர்றீங்க."

"அவசரம் சார். இன்னும் என்னக் கூப்புடல. பாதியாச்சும் விட்டுட்டு வந்துர்றேன். நர்சம்மா பக்கத்து பில்டிங்குக்குப் போவ சொல்றாங்க, அவ்ளோ தூரம் என்னால முடியாது."

"ஒரு நிமிஷம்மா. சிக்னல் எடுக்குது."

சிக்னல் இரண்டு நிமிடம் எடுத்தது. அவள் காலை மாற்றி மாற்றி நின்றாள். பிறகு நிற்கவில்லை. பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அட்சரேகை விழுந்து அவர் படமெடுத்த அதே நேரத்தில் அந்தப் பெண் கதவோரம் அப்படியே குந்திவிட்டாள். தரையில் ஈரம் பரவி வந்து ஜானகிராமனின் செருப்பைத் தொட்டது. பெஞ்சில் இருந்த மூன்று பெண்கள் ஓடி வந்து அவளைச் சுற்றி நின்று முந்தானையை விரித்து மறைத்தார்கள்.

அவள் அழவில்லை. அண்ணாந்து பூட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"தாப்பா இல்லன்னுதான சார் எழுதிக் குடுத்தேன்?" என்றாள்.

பதினான்காம் புகார்த் தாளின் கீழே கன்னியம்மாள், சேதராப்பட்டு என்று இருந்தது ஜானகிராமனுக்கு நினைவு வந்தது. புகாரைத் தட்டச்சு செய்தபோது, எழுத்துப்பிழையில்லாமல் எழுதியிருக்கிறாளே என்று மனசுக்குள் பாராட்டியதும் நினைவு வந்தது. நீர்ப்பை காலியானதால் அவளுக்கு அன்று ஸ்கேன் எடுக்க முடியவில்லை. பதினெட்டாம் தேதி வரச் சொல்லிச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

அவர் நேரே பராமரிப்புப் பிரிவுக்கு ஓடினார். அம்மாவாசை டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், யாரு உன்ன லேடீஸ் டாய்லெட்டப் பூட்டச் சொன்னது?"

"நீங்கதான் சார்." அம்மாவாசை இழுப்பறையிலிருந்து தாளை எடுத்தார். "இந்தா, உங்க கையெழுத்து. நாலு பக்கத்துலயும் போட்டிருக்கீங்க. நல்ல கையெழுத்து சார் உங்களுக்கு."

"மூடப்பட்டதுன்னா புகார் மூடப்பட்டதுய்யா. கக்கூஸ் இல்ல."

"புகார எப்பிடி சார் மூடுவாங்க? அதுக்கென்ன கதவா இருக்குது?"

"சரி, இப்ப திற."

"திறக்கறேன். மூடுன்னு பேப்பர் இருக்குது. திறன்னு ஒரு பேப்பர் குடுங்க, கையோட திறந்துர்றேன். நாளைக்கு எவனாச்சும் கேட்டா நான் எதக் காட்டுவேன்?"

நியாயம்தான் என்று பட்டது ஜானகிராமனுக்கு. பேப்பர் வாங்க நான்காம் மாடிக்கு ஏறினார்.

டாக்டர் புருஷோத்தமன் முழுவதையும் கேட்டார். முகத்தில் வருத்தம் தெரிந்தது. "அந்த லேடிக்கு நடந்தது ரொம்ப சங்கடம். மனுஷனா நான் வருத்தப்படறேன். ஆனா தர இயக்குநரா யோசிச்சுப் பாருங்க. மூடின புகாரத் திறந்தா அது மறுதிறப்பு. முப்பத்தொண்ணுல முப்பது. தொண்ணூத்தாறு புள்ளி ஏழு ஏழு. பக்கத்து யூனிவர்சிட்டி நூறு காட்டியிருக்கான்."

"புகாரத் திறக்க வேணாம் சார். கதவ மட்டும்..."

"கதவு திறந்திருந்தா மூடப்பட்டதுன்னு எழுதினது பொய்யாயிடும் இல்லையா? நாம பொய் சொல்லக் கூடாது ஜானகிராமன். ஒண்ணு பண்ணுங்க. அந்த அம்மாவையே புதுசா ஒரு புகார் குடுக்கச் சொல்லுங்க, கழிப்பறை பூட்டியிருக்குன்னு. அது அடுத்த ஆண்டுக் கணக்குல ஏறும். அடுத்த ஆண்டு நமக்கு முன்னேற்றம் காட்ட ஒண்ணு வேணும்ல?"

புகார்த் தாளில் கைபேசி எண் இருந்தது. மறுநாள் சாயங்காலம் ஜானகிராமன் கூப்பிட்டார். பின்னால் கம்பெனி இயந்திரத்தின் சத்தம் கேட்டது. கன்னியம்மாள் தொழிற்பேட்டையில் பெட்டி ஒட்டும் வேலையில் இருந்தாள். ஸ்கேனுக்காக ஒரு நாள் லீவு ஏற்கெனவே போயிருந்தது.

"அம்மா, புதுசா ஒரு புகார் மட்டும் எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"வேணாம் சார்."

"இல்லம்மா, கழிப்பறை பூட்டியிருக்குன்னு ஒரு வரி..."

"தாப்பா இல்லன்னு எழுதினேன், கதவயே பூட்டுனீங்க. பூட்டியிருக்குதுன்னு எழுதினா ஆசுபத்திரியயே பூட்டிடுவீங்க. எனக்கு ஸ்கேன் ஆவணும் சார். கட்டி பெருசா சின்னதான்னு பாத்துட்டு ஆபரேசன் சொல்றன்னிருக்காங்க." இயந்திரச் சத்தத்தை மீறிக் குரலை உயர்த்தினாள். "பதினெட்டாந்தேதி வர்றேன். அன்னிக்காச்சும் திறந்து வையுங்க, புண்ணியமாப் போவும்."

"திறந்திருக்கும்மா. நான் பாத்துக்கிறேன்."

அவர் பார்த்துக்கொண்டார். தினமும் கீழே போய்ப் பூட்டைப் பார்த்துக்கொண்டார். பதிவாளருக்கு ஒரு குறிப்பு எழுதினார். பதிவாளர் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். ஒரு நாளைக்கு நாற்பது ஸ்கேன். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் முற்றத்தைக் கடந்து அடுத்த கட்டடத்துக்குப் போவதை நான்காம் மாடி ஜன்னலிலிருந்து பார்க்க முடிந்தது. மூன்றாம் நாளிலிருந்து ஜானகிராமன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

குழு வந்தது பதினெட்டாம் தேதி.

காலையில் அவர்கள் ஆஸ்பத்திரியைச் சுற்றி வந்தார்கள். தலைவர் வேறு மாநிலத்தில் துணைவேந்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கயிறு கட்டிய சக்கர நாற்காலிப் பாதையையும் வறண்ட குழாயையும் இறக்கிய ஷட்டரையும் பட்டியலோடு ஒப்பிட்டு 'டிக்' அடித்துக்கொண்டே நடந்தார். பதினொரு மணிக்குக் கருத்தரங்கக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் அது இப்படி வரும்:

"நான் நாற்பத்தேழு பல்கலைக்கழகங்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா இடத்திலும் பதிவேட்டில் மூடப்பட்டது என்று இருக்கும். போய்ப் பார்த்தால் அந்தப் புகார் திறந்தே கிடக்கும். ஏட்டுக்கும் இடத்துக்கும் உள்ள இந்தத் தூரம்தான் நம் உயர்கல்வியின் நோய். இங்கே அந்தத் தூரம் இல்லை. மூடப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், மூடியிருக்கிறது. நான் பூட்டை இழுத்தே பார்த்தேன். உறுதியான பூட்டு."

கைதட்டல். திரையில் பதினான்காம் படம் பெரிதாக விழுந்தது. நடுவில் பூட்டு. அடியில் பதினொன்று புள்ளி ஒன்பது என்று தொடங்கும் அட்சரேகை. வலது ஓரத்தில் ஊதாச் சேலையின் ஒரு பகுதியும், சுவரை அழுத்திப் பிடித்த ஐந்து விரலும்.

"ஓரத்துல தெரியறது பயனாளி," என்று இயக்குநர் விளக்கினார். "அவங்களோட பங்கேற்போடதான் இந்தப் பணி முடிக்கப்பட்டது."

"மிகச் சிறப்பு," என்றார் தலைவர். "இதைச் சிறந்த நடைமுறையாகச் சேருங்கள். படமெடுத்தவர் யார்?"

ஜானகிராமன் எழுந்து நின்றார். சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை அவர் ஒன்பது நாளாக மனசுக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்தார். ஐயா, அந்தப் பெண் கேட்டது ஒரு தாழ்ப்பாள். அவ்வளவுதான் வாக்கியம். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தது. கூடம் முழுவதும் அவரைப் பார்த்தது. இயக்குநர் சிரித்தபடி தலையை ஆட்டினார். யாரோ ஒரு சால்வையை எடுத்துவந்து அவர் தோளில் போட்டார்கள்.

"நன்றி சார்," என்றார் ஜானகிராமன்.

தன் குரல்தானா அது என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. உட்கார்ந்தார். திரையில் அந்த ஐந்து விரல் அப்படியே இருந்தது. கடிகாரத்தில் பதினொன்றரை. கீழே ஸ்கேன் தொடங்கியிருக்கும். பக்கத்தில் இருந்தவரிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, படிக்கட்டில் விழாத குறையாக இறங்கி, பராமரிப்புப் பிரிவின் வாசலில் போய் நின்றார்.

"பேப்பர் குடு."

"நீங்கதான சார் எனக்குக் குடுக்கணும்?" என்றார் அம்மாவாசை. சால்வையை மேலும் கீழும் பார்த்தார். "என்னா சார், பெயிலு கெடச்சிதா?"

ஜானகிராமன் மேசை மேல் கிடந்த நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் 'பெண்கள் கழிப்பறையைத் திறக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவசரத்தில் எழுத்து அழகாக விழவில்லை. அம்மாவாசை அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாவியை எடுத்தார்.

"மேலேருந்து உத்தரவு வந்துடுச்சா சார்?"

"இல்ல. நானே எழுதினேன்."

"நீங்களே எழுதினாப் போதுமே சார். மூடுன்னும் நீங்கதான எழுதுனீங்க? இத அன்னிக்கே குடுத்திருந்தா அன்னிக்கே திறந்திருப்பனே."

அம்மாவாசை இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. வேலை நடக்கும் முறையைத்தான் சொன்னார். ஜானகிராமனுக்கு அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பூட்டு திறந்தபோது ஸ்கேன் அறைக் கதவும் திறந்தது. கன்னியம்மாள் வயிற்றில் பூசிய பசையைத் துணியால் துடைத்தபடி, குனிந்து, அடிமேல் அடி வைத்து வந்தாள். எதிரே கதவு திறந்திருப்பதைப் பார்த்து நின்றாள்.

"தாப்பா போட்டாச்சா சார்?" என்று கேட்டாள்.

ஜானகிராமன் அப்போதுதான் உள்ளே பார்த்தார். கதவின் உள்பக்கத்தில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன.

"இல்லம்மா. வந்து..."

அவள் அந்த 'வந்து'வுக்காக நிற்கவில்லை. பெஞ்சில் இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் பார்த்து, "யம்மாடி, இந்தக் கதவக் கொஞ்சம் இழுத்துப் புடிச்சிக்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தப் பெண் எழுந்து வந்து கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கன்னியம்மாள் வெளியே வந்ததும் அவள் உள்ளே போக, கன்னியம்மாள் பிடித்துக்கொண்டாள். ஏற்கெனவே பலமுறை செய்து பழகியது போல இருந்தது. தாழ்ப்பாள் இல்லாத நாளிலெல்லாம் இப்படித்தான் நடந்திருக்கும் என்று ஜானகிராமனுக்குப் புரிந்தது.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நின்றார். எந்தச் சொல்லைப் போடுவது என்று யோசித்தார். சால்வை வேறு தோளிலிருந்து நழுவி நழுவி விழுந்தது.

"இங்க நிக்காதீங்க சார்," என்றாள் கன்னியம்மாள், கதவைப் பிடித்தபடியே, தணிந்த குரலில். "ஆம்பள நின்னா உள்ள இருக்கிற பொண்ணுக்கு வராது."

அவர் திரும்பி நடந்தார். நடை முழுவதும் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கடந்து போக வழிவிட்டு ஒவ்வொருத்தியும் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஒருத்தியாவது திட்டியிருக்கலாம்.